இன்டெக்ஸ் ஓடுகிறதா, காத்துக் கிடக்கிறதா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கட்டிங் முடிந்த துணி பண்டல் பண்டலாகத் தையல் லைனுக்குப் போகும். ஒவ்வொரு பண்டலிலும் ஒரு பார்கோடு சீட்டு. கை மாறும்போதெல்லாம் ஒரு ஸ்கேன், டேட்டாபேஸில் ஒரு வரி. ஆறேழு வருடத்தில் அது 40 கோடி வரியாகிவிட்டது. பண்டல் எண்ணைத் தேடினால் திரை அரை நிமிடம் முழிக்கிறது என்று, ஒரு ஞாயிறு இரவு பத்து மணிக்கு இன்டெக்ஸ் (எந்த எண் எங்கே இருக்கிறது என்று சட்டென்று காட்டும் வரிசைப் பட்டியல்) போட ஆரம்பித்தேன். இரண்டு மணிக்கும் முடியவில்லை. "ஏனுங் தம்பி, காத்தால லைன் ஓடுமுங்களா?" என்று சூப்பர்வைசர் அண்ணன் மூன்றாம் முறையாக எட்டிப் பார்த்தார்.

இன்டெக்ஸ் போடுவது பெரும்பாலும் வரிசைப்படுத்தும் வேலைதான். அந்தச் சீட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைபோல் சீட்டு, ஆனால் மேசையோ சின்னது. மேசை கொள்ளும் அளவு அள்ளி, எண் வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டுத் தரையில் வைப்பீர்கள். எல்லாம் கட்டான பிறகு, ஒவ்வொரு கட்டின் மேல் சீட்டையும் பார்த்து, இருப்பதிலேயே சிறிய எண்ணை உருவிக்கொண்டே போனால் ஒரே வரிசை வந்துவிடும். டேட்டாபேஸும் இதையே செய்கிறது. மேசை என்பது மெமரி, தரை என்பது டிஸ்க்.

நாங்கள் வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில் இந்த மேசையின் பெயர் 'மெயின்டெனன்ஸ் ஒர்க் மெம்'. யாரும் கை வைக்காவிட்டால் 64 எம்பி. எண் ஒன்றுக்கு 20 பைட் என்றால் 40 கோடிக்கு 8 ஜிபி. ஏறக்குறைய 120 கட்டு. 1 ஜிபி கொடுத்தால் எட்டுக் கட்டோடு போயிற்று. அதற்காக 16 மடங்கு வேகம் வந்துவிடாது. டேபிளை, அதாவது அந்த 40 கோடி வரியும் இருக்கும் அட்டவணையை, முழுக்கப் படிப்பதும் இன்டெக்ஸை எழுதுவதும் அப்படியேதான் இருக்கும். பதிப்பு 11 முதல் 'பி-ட்ரீ' எனும் வழக்கமான வகை இன்டெக்ஸுக்கு, கூடவே வேலை பார்க்கும் துணை ஆட்களையும் (துணை ப்ராசஸ்களை) போஸ்ட்கிரெஸ் கூட்டிக்கொள்ளும். சொல்லாமலே இரண்டு பேர் வரை. எண்ணுக்குப் பதில் டிசைன் பெயர் போன்ற எழுத்தாக இருந்தால், மொழியின் அகர வரிசை விதிப்படி ஒப்பிடவே நேரம் தின்னும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். மேசையைப் பெரிதாக்கித்தான் ஆரம்பித்திருந்தேன். நான் பார்க்காமல் விட்டது வேறு: சர்வரில் டிஸ்க் விளக்கு சிமிட்டவே இல்லை. சிபியு தூங்குகிறது. மெதுவாக ஓடும் வேலைக்கு இது அடையாளமே இல்லை.

பதிப்பு 12 முதல் இன்டெக்ஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் ஒரு பட்டியல் உண்டு. அதைத் திறந்தால், கட்டத் தொடங்குவதற்கு முன், எழுதிக்கொண்டிருப்பவர்கள் முடிப்பதற்காகக் காத்திருக்கிறது என்று போட்டிருந்தது. நாலு மணி நேரமாக ஒரு வரிகூடப் படிக்கவில்லை! ஸ்கேன் நிற்கக் கூடாதென்று நான், எழுதுவதை நிறுத்தாமலே இன்டெக்ஸ் கட்டும் 'கன்கரன்ட்லி' முறையில் போட்டிருந்தேன். அது டேபிளை இரண்டு முறை படிக்கும். அதற்கு முன்னும் பின்னும், ஏற்கெனவே திறந்திருக்கும் பரிவர்த்தனைகள் (தொடங்கி இன்னும் முடிக்காத டேட்டாபேஸ் வேலைகள்) முடியக் காத்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒரு பண்டலின் அளவைக் கையால் திருத்திவிட்டு, 'கமிட்' (மாற்றத்தை உறுதிசெய்து முடிக்கும் கட்டளை) கொடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. சாதாரண முறையில் போட்டிருந்தால் இன்னும் மோசம்: இன்டெக்ஸ் அந்த ஆளுக்காக நிற்கும், அதன் பின்னால் புதிதாக வரும் ஸ்கேன் எல்லாம் கியூ கட்டும்.

அந்த இணைப்பைத் துண்டித்தேன். சட்டென்று டிஸ்க் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. நாலு மணிக்கு இன்டெக்ஸ் தயார். அண்ணன் டீ வாங்கி வந்தார்.

டீ குடித்துக்கொண்டே இன்டெக்ஸ் பட்டியலைப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. போன மாதம் பொறுமையிழந்து பாதியில் நிறுத்திய இன்டெக்ஸ், 'செல்லாதது' என்ற முத்திரையோடு அங்கேயே கிடந்தது. தேடலுக்கு உதவாது, ஆனாலும் ஒவ்வொரு ஸ்கேனும் அதிலும் எழுதிக்கொண்டிருந்தது. அதையும் அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.