சம்மதமில்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்த்தால்: 30 நாள் கணக்கு

1987-ம் ஆண்டு மனநலச் சட்டம் போய்விட்டது. 2018 மே 29 முதல் நடப்பில் இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. ஆனாலும் அட்மிஷன் மேசையில் "கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்ற கேள்வி ஓய்ந்தபாடில்லை. குடும்பத்தார் அழைத்து வரும் நோயாளிக்கு அது வேண்டியதில்லை. சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கான 89-ம் பிரிவு என்று சொல்லுங்கள்.

அந்தப் பிரிவில் விண்ணப்பம் தர வேண்டியவர் நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளி தன் சார்பில் செயல்பட நியமித்தவர். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, 18 வயது நிரம்பிய யாரையும் நியமிக்கலாம். எழுதி வைக்காதவருக்கு உறவினரே பிரதிநிதி. வில்லங்கம் இங்கேதான்: சொத்துத் தகராறில் எதிரே நிற்கும் அண்ணனும் உறவினர்தானே? தெளிவாக இருக்கும்போதே நம்பிக்கையானவர் பெயரை எழுதி, நகலை அவரிடம் கொடுத்து வையுங்கள்.

விண்ணப்பம் மட்டும் போதாது. சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய 7 நாட்களிலோ ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அண்மையில் தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை இருந்தாக வேண்டும். "முன்னாடியே மாத்திரை சாப்பிட்டவர்" என்பது மட்டும் காரணமாகாது. இரண்டாவது டாக்டர் ஆளையே பார்க்காமல் கையெழுத்திட்டிருந்தால் புகாரில் அதையே முதல் வரியாக எழுதுங்கள்.

இந்தச் சேர்க்கைக்குக் கெடு 30 நாள். மேலே வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்து, இத்தகைய சேர்க்கைகளைப் பரிசீலிக்கும் மனநல மறுஆய்வு வாரியமும் அனுமதிக்க வேண்டும். முதலில் 90 நாள் வரை, அடுத்து 120, பிறகு 180. இதைத் தவிர்க்க 30-ம் நாள் டிஸ்சார்ஜ் போட்டு, மறுநாளே புது அட்மிஷன் எழுதுவார்கள். செல்லாது. 7 நாட்களுக்குள் திரும்பச் சேர்த்தால் நீட்டிப்புக்கான 90-ம் பிரிவுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதியைப் பாருங்கள்.

பெண்களையும் சிறாரையும் சேர்த்தால் 3 நாளில், மற்றவர்களுக்கு 7 நாளில், மருத்துவமனை வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நீங்களும் வாரியத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, சேர்க்கையை எதிர்க்கும் மனுவில் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வாரியம் எங்கே என்று கேட்டால் கலெக்டர் ஆபீஸ் ஜி.எச்.சுக்கு அனுப்பும், ஜி.எச். திருப்பி அனுப்பும். அலையாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள், வக்கீல் இலவசம்.

தானே விருப்பப்பட்டுச் சேர்ந்தவர் கேட்டாலே டிஸ்சார்ஜ் உண்டு. மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் நிறுத்தலாம், அவ்வளவுதான். "கூட்டிட்டு வந்தவங்க வரட்டும்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. எந்தப் பிரிவில் சேர்த்தார்கள், நோயாளி கையெழுத்து என்ற இடத்தில் யார் கையெழுத்து என்று கேஸ் ஷீட்டை வாங்கிப் பாருங்கள்.