மாதிரி ஆப்பில் ஏன் ஒரு எண்ணும் ஒரு பட்டனும்?

மொபைல் ஆப் எழுத கூகுள் தரும் ஃப்ரேம்வொர்க்கான (ஆயத்தக் கருவித்தொகுப்பு) ஃப்ளட்டரில் புதிதாக ஒரு புராஜெக்டைத் தொடங்கி அப்படியே ஓடவிட்டால், நாம் ஒரு வரிகூட எழுதாமலே ஒரு ஆப் திறக்கும். மேலே ஒரு பட்டை, நடுவில் பட்டனை இத்தனை முறை அழுத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லும் ஒரு வாசகம், அதன் கீழே பெரிதாக 0, கீழ் மூலையில் கூட்டல் குறி போட்ட பட்டன். அழுத்தினால் 1, மறுபடி அழுத்தினால் 2. பெரும்பாலானவர்கள் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அழிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதோடு இருங்கள் என்பேன். ஏனென்றால் அந்த ஃப்ரேம்வொர்க் எப்படி யோசிக்கிறது என்பது முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு நிரல் மொழியைக் கற்கத் தொடங்கும்போது ‘ஹலோ, வேர்ல்டு’ என்று திரையில் வரவைக்கும் பழக்கம் கணினி அறிஞர் பிரையன் கெர்னிகன் 1972-இல் பி மொழிக்கு எழுதிய பயிற்சிக் குறிப்பில் இருக்கிறது, 1978-இல் வந்த சி மொழிப் புத்தகம் அதை எல்லோரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு வரியை அச்சடித்துவிட்டு முடிந்துபோகும் நிரலுக்கு அது போதும். ஆனால் மொபைல் ஆப் அப்படி முடிந்துபோவதில்லை, திறந்து வைத்தால் விரல் படும்வரை காத்துக்கொண்டே இருக்கும், பட்டதும் உள்ளே ஏதோ மாறும், அந்த மாற்றம் திரைக்கு வர வேண்டும். வெறும் வணக்கம் சொல்லும் ஆப்பில் இந்தச் சுற்று இல்லவே இல்லை. எண்ணும் ஆப்பில் அது மட்டும்தான் இருக்கிறது.

சரி, அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது? பட்டன் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும், அந்த ஃபங்ஷன் செட்ஸ்டேட் என்பதற்குள் எண்ணை ஒன்று கூட்டும், செட்ஸ்டேட் உடனே எதையும் வரையாது, ‘இந்த விட்ஜெட் பழசாகிவிட்டது’ என்று குறித்து மட்டும் வைக்கும் (திரையைக் கட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் விட்ஜெட் என்று பெயர்). அடுத்த ஃப்ரேம், அதாவது திரையில் காட்டும் அடுத்த படம், வரும்போது (நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டும் திரையில் அது ஏறக்குறைய 16.7 மில்லி நொடிக்கு ஒரு முறை) குறித்து வைத்த விட்ஜெட் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் பில்ட் என்ற ஃபங்ஷன் மறுபடி ஓடும், புது எண்ணோடு திரை வரையப்படும்.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதை விடக் கெடுத்துப் பார்த்துப் புரிந்துகொள்வது நல்லது. செட்ஸ்டேட்டை நீக்கிவிட்டு எண்ணைக் கூட்டும் வரியை மட்டும் விட்டுவையுங்கள். பட்டனை மூன்று தடவை அழுத்துங்கள். திரையில் 0 அப்படியே நிற்கும். இப்போது ஆப்பை மூடாமலே தீமின் நிறத்தைப் பச்சையாக மாற்றி ஹாட் ரீலோட் செய்யுங்கள் (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பிலேயே மாற்றிய நிரலை ஏற்றுவது): நிறம் மாறும், கூடவே 0 இருந்த இடத்தில் 3 வந்து நிற்கும்! எண் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கூடிக்கொண்டுதான் இருந்தது, திரைக்குத்தான் யாரும் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் நிலை (ஸ்டேட்) வேறு, திரை வேறு என்று பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த அளவுக்கு மனதில் தைக்காது. நிறத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லும் யோசனையும் என்னுடையது அல்ல, அந்த மாதிரி நிரலின் கமென்ட்டிலேயே (நிரலுக்குள் படிப்பவருக்காக எழுதும் குறிப்பு) இருக்கிறது, எண் பூஜ்யத்துக்குத் திரும்பாததைக் கவனிக்கச் சொல்லி.

எதைச் சேர்ப்பது என்பதை விட எதை விடுவது என்பதுதான் வடிவமைப்பவருக்குக் கஷ்டம். லாகின், இணையத்திலிருந்து தகவல் எடுப்பது, டேட்டாபேஸ் எல்லாவற்றையும் காட்டிவிட ஆசை வரும். ஆனால் முதல் தடவை ஓடவிடும்போது ஆப் திறக்கவில்லை என்றால், இன்ஸ்டால் செய்ததில்தான் எங்கோ கோளாறு என்று புதியவர் உறுதியாக நம்ப முடிய வேண்டும். நடுவில் ஒரு சர்வர் வந்துவிட்டால் அந்த உறுதி போய்விடும், பிழை தன் கணினியிலா, நெட்டிலா, ஃப்ரேம்வொர்க்கிலா என்று தெரியாமல் முதல் நாளே வெறுத்துவிடுவார்.

அப்புறம் இன்னொன்று, மாதிரியில் இருப்பது அங்கேயே நிற்காது, அப்படியே காப்பி ஆகி நிஜ ஆப்களுக்குள் போகும். காம்.எக்ஸாம்பிள் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயரை (ஆப்பின் தனி அடையாளப் பெயர்) மாற்ற மறந்து, கடைசியில் கூகுள் பிளே அதை ஏற்காதபோதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிய வருகிறது. ஆண்ட்ராய்டு ஆப்புக்குத் திரைகளைக் கட்ட உதவும் ஜெட்பேக் கம்போஸில் எண்ணை ரிமெம்பர் என்பதில் வைத்தால், போனைத் திருப்பியதும் ஆக்டிவிட்டி (ஆப்பின் திரையைத் தாங்கும் பகுதி) புதிதாகத் தொடங்கும், எண் மறுபடி 0 ஆகிவிடும். ரிமெம்பர்-சேவபிள் என்பதில் வைத்தால் தங்கும். முதல் நாளிலேயே இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் மாதிரி எழுதினால் இரண்டாவதைத்தான் போடுவேன், ஏன் என்று ஒரு வரி கமென்ட்டும் சேர்த்து, ஏனென்றால் காப்பி செய்துகொண்டு போனவர் திருத்திக்கொள்ளத் திரும்பி வரமாட்டார்.

இதே காரணத்துக்காகத்தான் மைக்ரோசாஃப்டின் ஆப் ஃப்ரேம்வொர்க்கான டாட்நெட் மாவி-யின் மாதிரி ஆப் எனக்கு மிகவும் பிடிக்கும். அதுவும் எண்ணும் ஆப்தான். ஆனால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பட்டனில் மாறும் வாசகத்தை, திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் வாசித்துச் சொல்ல ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், பார்வையில்லாதவருக்கும் எண் கூடியது தெரியும். அதோடு ஒன்றுக்கு ஒருமை, மற்றதற்குப் பன்மை என்று ஆங்கில வாசகத்தைப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். தமிழில் ஒரு முறை, மூன்று முறை என்று சொல் மாறாமலே ஓடிவிடும், அதனால் எண்ணோடு வாசகத்தை ஒட்டும் விதம் மொழிக்கு மொழி வேறுபடும் என்பதே நமக்குத் தோன்றாமல் போகலாம்.

ஃப்ளட்டர் மாதிரியில் யாரும் திறந்து பார்க்காத ஒரு ஃபைல் டெஸ்ட் ஃபோல்டரில் இருக்கிறது, ஆப் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் நிரல் அது. திரையில் 0 இருக்கிறதா, 1 இல்லைதானே என்று முதலில் பார்க்கும், கூட்டல் குறியைத் தட்டும், பம்ப் என்று ஒரு வரி, பிறகு 0 போய் 1 வந்துவிட்டதா என்று பார்க்கும். அந்த பம்ப்தான் மேலே சொன்ன அடுத்த ஃப்ரேம். டெஸ்டுக்குள் ஃப்ரேம் தானாக வராது, நாம் கேட்டால்தான் வரும், அதனால் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஓடவிட்டால், எண் கூடியிருந்தாலும் டெஸ்டுக்குத் தெரிவது பழைய 0 மட்டும்தான்.