வீட்டுக் கராஜைப் பணிமனையாக மாற்றும் முன்

பழைய கார்களைச் சீரமைப்பதைத் தொழிலாகக் கொண்டிருப்பதால், வீட்டிலேயே ஒரு பணிமனை அமைக்க விரும்பும் கார் ஆர்வலர்கள் பலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. எந்த ஸ்பேனர் செட் வாங்குவது, எத்தனை டன் ஜாக் தேவைப்படும், கம்ப்ரஸர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று கருவிகளைப் பற்றியே பெரும்பாலும் கேட்கிறார்கள். காரை நிறுத்துவதற்காகக் கட்டிய அறை, காரைப் பிரித்து வேலை செய்வதற்கு ஏற்ற அறையாகத் தானாக ஆகிவிடாது; அதன் தரையையும் காற்றோட்டத்தையும் மின் இணைப்பையும் சரிசெய்த பிறகே கருவிகளுக்குச் செலவிட வேண்டும் என்பதையே நான் அவர்கள் எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன். தொழில்முறைப் பணிமனையில் ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். விடுமுறை நாளில் கராஜுக்குள் தனியாக வேலை செய்பவருக்கு அந்தத் துணை இல்லை என்பதால், அவருக்குக் கூடுதலான முன்னேற்பாடு தேவை.

முதலில் தரை. தண்ணீர் வெளியே வடிவதற்காகப் பல கராஜ்களின் தரையை வாசலை நோக்கிச் சற்றே சரித்துக் கட்டியிருப்பார்கள். கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சரிவே தூக்கி நிறுத்திய காரை நகர்த்திவிடப் போதுமானது. ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமான பகுதியைக் கண்டறிந்து, காரைத் தூக்கிச் செய்யும் வேலைகளை அங்கு மட்டுமே செய்யுங்கள். பளபளப்பான டைல்ஸ் எண்ணெய் பட்டால் வழுக்கும்; தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கியான ஜாக் ஸ்டாண்டின் கால் ஊன்றும் இடத்தில் உடையவும் கூடும். மண் தரையிலும் வெயிலில் இளகும் தார்த் தரையிலும் ஸ்டாண்டின் கால்கள் அமிழும். கெட்டியான கான்கிரீட் தளமே இந்த வேலைக்கு உகந்தது.

வீட்டுப் பணிமனையில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது காருக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலைதான். ஹைட்ராலிக் ஜாக் என்பது காரைத் தூக்குவதற்கான கருவி. தூக்கிய காரைத் தாங்கி நிற்பதற்கானது அன்று. அதனுள் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயைச் சிறிய சீல்களும் ஒரு வால்வும்தான் தடுத்து வைத்திருக்கின்றன. சீல் தேய்ந்தாலோ வால்வில் தூசு சிக்கினாலோ, காரின் எடை எந்த முன்னறிவிப்புமின்றிக் கீழே இறங்கும். ஜாக் ஸ்டாண்டில் அந்த எடையை இரும்புப் பல்லோ குறுக்கே செருகிய பின்னோ தாங்குகிறது. ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக்கையோ செங்கல் அடுக்கையோ வைக்கும் வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். சுவரில் பரவலான சுமையைத் தாங்கும் ஹாலோ பிளாக், ஒரே இடத்தில் எடை அழுந்தும்போது வளைந்து காட்டாமல் சட்டென்று நொறுங்கிவிடும்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. ஆகவே பின்பக்கத்தைத் தூக்கிய கணமே அதனால் பயன் இல்லாமல் போகிறது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைப்புக் கட்டை வைத்தே தீர வேண்டும். பலம் கொண்டு திருக வேண்டிய வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டை எங்கே வைப்பது என்பதைக் காரின் கையேடு சொல்லும். ஆனால் துருப்பிடித்த பழைய காரில் அந்த இடமே உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கலாம் என்பதால், ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்த பிறகே நம்புங்கள். ஸ்டாண்டில் பொறித்திருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஒரு ஜோடிக்கா என்பதையும் வாங்கும்போதே படித்துப் பார்க்க வேண்டும். கார் ஸ்டாண்டில் அமர்ந்ததும் வெளியில் நின்றபடி அதை நன்றாக உலுக்கிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடிவிளிம்புக்குக் கீழே படுக்கவைத்துவிட்டால், எல்லாம் தவறிப்போனாலும் உடல் நசுங்காமல் இருக்க ஓர் இடைவெளி மிஞ்சும்.

அடுத்தது காற்று. எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. அது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்துகொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதற்குக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படுவதாலும், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும் வரை சரிவர வேலை செய்யாததாலும், புகையில் இந்த நச்சு மிகுதியாக வருவது எஞ்சினை இயக்கிய முதல் சில நிமிடங்களில்தான். ஆர்வலர்கள் விரும்பிச் சேகரிக்கும் கார்புரேட்டர் காலத்துக் கார்கள் பலவற்றில் அந்த மாற்றியே கிடையாது. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்ற சமாதானம் போதாது. காற்று உள்நோக்கி வீசினால் புகை அறைக்குள்ளேயே சுழன்று, வீட்டுக்குள் செல்லும் கதவிடுக்கு வழியாகப் படுக்கையறை வரை போகும். ட்யூனிங் செய்ய வேண்டுமானால் காரை வெளியே தள்ளிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். கராஜுக்கும் வீட்டுக்கும் இடையில் கதவு இருந்தால், வீட்டுப் பக்கத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பொருத்துங்கள். வேலையின் நடுவே தலைவலியும் குமட்டலும் வந்தால், அதைக் களைப்பு என்று எண்ணி உள்ளேயே உட்கார்ந்துவிடாமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

பெட்ரோல் பூஜ்யத்துக்கு 40 டிகிரி செல்சியஸ் கீழேயும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே எழாமல் தரையோடு பரவுகிறது. காற்றில் அது ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். உயரத்தில் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இதற்கு உதவாது. தரையை ஒட்டியும் காற்று வெளியேற வழி வேண்டும். பிளக் பாயின்ட்டுகளையும் சுவிட்சுகளையும் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் வையுங்கள். அடியில் நின்று வேலை பார்க்க வசதியாகக் குழி தோண்டிக்கொள்ள விரும்புவோரிடம் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். தனியான காற்று வெளியேற்றம் இல்லாத குழி, பெட்ரோல் ஆவி வந்து தேங்கும் தொட்டியாகிவிடும். டேங்கையோ எரிபொருள் குழாயையோ கழற்றும் நாளில் பழைய குண்டு பல்பு விளக்கைக் கொண்டுபோகக் கூடாது. அது கீழே விழுந்து உடைந்தால், சிவக்கச் சூடேறிய இழை ஆவியின் நடுவே கிடக்கும். எல்இடி கைவிளக்கே போதுமானது.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவரும்; பொறி எழாதிருக்க, இணைப்பைக் கழற்றும்போது எதிர்முனையை (நெகட்டிவ்) முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தை முழுதும் உலரும் முன் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குளோரின் இல்லாத கிளீனர் கிடைக்கும்போது அதையே வாங்குவது நல்லது. பழைய பிரேக் ஷூக்களின் தூசியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் குடித்துவிடும் ஆபத்து உண்டு. வடித்ததும் மூடியுள்ள கலனில் ஊற்றிவிடுங்கள். கடினமாக்கி கலந்து அடிக்கும் இருபாகப் பெயின்டில் ஐசோசயனேட் உள்ளது. அது ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது, வடிகட்டி வைத்த சாதாரண முகமூடியை நம்பி அதை அடிக்கக் கூடாது. அந்த ஒரு வேலையை முறையான பெயின்ட் பூத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

மின்சாரத்தில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த்திங், கம்ப்ரஸருக்கும் வெல்டிங் மெஷினுக்கும் தனித்தனி இணைப்பு ஆகிய மூன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கம்ப்ரஸர் காற்றைக் கொண்டுசெல்லப் பிவிசி குழாய் ஒருபோதும் கூடாது, அது வெடித்தால் கூர்மையான சில்லுகளாகச் சிதறும். பவுடர் வகைத் தீயணைப்பானைக் காருக்குப் பின்னால் உள்சுவரில் மாட்டாமல், வெளியேறும் கதவின் பக்கத்தில் மாட்டுங்கள்.

தனியாக வேலை செய்ய நேரும் நாளில், காருக்கு அடியில் போவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை ஜாக்கை மூலைக்குத் தள்ளாமல் காரின் பக்கத்திலேயே வைத்திருங்கள். அதைக் காரில் எந்த இடத்தில் வைத்து எப்படி உயர்த்துவது என்பதை வீட்டார் ஒருவருக்காவது நேரில் செய்து காட்டிப் பழக்கிவிடுங்கள்.