உரிய விடாமுயற்சியாம்!

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டு எடுக்கும் கடையொன்றில் போன மாதம் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் ஏதோ ஒரு நிறுவனத்துக்காக அச்சடித்தது, பெயர் வேண்டாம். "சிறு விவசாயிகள் உரிய விடாமுயற்சியை மேற்கொண்டு காடழிப்பு இலவச விநியோகத்தை உறுதி செய்ய வேண்டும்" என்று போட்டிருந்தது. என் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தடவை வாசித்தார். "மக்களே, முப்பது வருசமா விடியுறதுக்கு முந்தி எந்திச்சு, நெத்தியில டார்ச்சைக் கட்டிட்டுப் பால் வெட்டப் போறேன். இதுக்கு மேல என்ன விடாமுயற்சியாக்கும் செய்யணும்?"

காடழிப்பு இலவசம் என்றால், காட்டை அழித்துத் தருகிறோம், காசு வேண்டாம் என்றுதான் நமக்குப் படும். ஆங்கிலத்தில் டிஃபாரஸ்டேஷன்-ஃப்ரீ என்றிருந்ததில் ஃப்ரீயை இலவசம் ஆக்கிவிட்டார்கள். அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம், காடழிக்காத என்று மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் இந்த உரிய விடாமுயற்சி அப்படிப்பட்டதல்ல. கூட்டத்தில் கேட்டேன், கைப்பேசியில் வந்த மொழிபெயர்ப்பில் பார்த்தேன், இப்போது நோட்டீஸிலும் வந்துவிட்டது. இனி பொறுப்பதாக இல்லை.

மூலச்சொல் டியூ டிலிஜென்ஸ். டியூ என்பது கடன்பட்டதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, செய்தே தீரவேண்டிய அளவு என்று பொருள். டிலிஜென்ஸின் வேருக்குப் பிரித்துப் பொறுக்குதல், தேர்ந்தெடுத்து மதித்தல் என்று பொருள். பொதுவாகப் பாடுபட்டு உழைப்பதையும் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதால்தான் அகராதியில் முதல் பொருளாக விடாமுயற்சி நிற்கிறது. ஆனால் 1933இல் அமெரிக்காவில் பங்குப் பத்திரங்களுக்கான சட்டம் வந்தபோது, பத்திரத்தை விற்றவன் தான் முன்கூட்டியே நியாயமான அளவு விசாரித்துத்தான் விற்றேன் என்று காட்டினால் தப்பலாம் என ஓர் ஏற்பாடு இருந்தது. அந்தத் தற்காப்புக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போதிருந்து வணிகத்தில் இதன் பொருள் உழைப்பு அல்ல, விசாரிப்பு.

சரி, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சட்டத்துக்கு வருவோம். மாடு, கொக்கோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் என்று ஏழு சரக்குகள், அவற்றில் செய்த பொருள்கள். நம் ரப்பர் ஷீட்டாகப் போனாலும் டயராகப் போனாலும் பட்டியலில் உண்டு. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக்கூடாது, விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும், இரண்டையும் விசாரித்துப் பார்த்தேன் என்று ஓர் அறிக்கை இருக்க வேண்டும். அந்த அறிக்கையின் பெயரில்தான் இந்தச் சொல் வருகிறது. விசாரிப்பதற்கு மூன்று படி: தகவல் திரட்டு, ஆபத்து எவ்வளவு என்று எடை போடு, இருந்தால் குறை. இந்தியாவை 2025 மே மாதம் ஆபத்துக் குறைந்த நாடுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டதால் பின்னிரண்டு படிகளும் பொதுவாகத் தேவைப்படாது, முதல் படி மட்டும் கட்டாயம். சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை முதலில் 2024 டிசம்பர் 30 என்றார்கள், ஓராண்டு தள்ளினார்கள், மறுபடியும் தள்ளி இப்போது பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது.

இதில் விசாரிக்க வேண்டியவர் யார்? ஐரோப்பியச் சந்தையில் அந்தச் சரக்கை இறக்குகிறவர். கடமை அவருடையது, தவறினால் அபராதமும் அவருக்குத்தான். விடாமுயற்சி என்று எழுதியதும் என்ன ஆகிறது பாருங்கள். விடாமுயற்சி நமக்கு நல்லொழுக்கத்தின் பெயர், பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப்போடுவது. அது இருக்க வேண்டியது உழைக்கிறவனிடம். ஆகவே எழுதிய ஆளின் பேனா தன்னாலேயே "சிறு விவசாயிகள் மேற்கொள்ள வேண்டும்" என்று போய்விட்டது. வாங்குகிறவன் செய்ய வேண்டிய விசாரணை, விற்கிறவனின் குணமாக மாறிவிட்டது. ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டதில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்க வேண்டிய சுமை நம் திருவட்டாறில் இறங்கிவிட்டது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இது புரியாது. அவர்கள் சொல்லை மொழிபெயர்க்கிறார்கள், யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று வாக்கியத்தைப் படிப்பதில்லை. எந்திரம் செய்தது என்று சாக்குச் சொல்வார்கள். எந்திரம் செய்தால் என்ன, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருவர்கூடவா வாய்விட்டு வாசித்துப் பார்க்கவில்லை?

உரிய கவனம் என்கிறார்கள் இன்னும் சிலர். விடாமுயற்சிக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் கவனம் மனசுக்குள் இருந்துவிடும். சாலையைக் கவனமாகக் கடந்ததற்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை, இங்கே தாள் வேண்டும். தமிழாசிரியரான என் நண்பர் செவ்வாய்வு என்று ஒன்றை உருவாக்கினார், செம்மையான ஆய்வாம். எனக்குச் செவ்வாய்க்கிழமை ஆய்வு என்றுதான் கேட்டது, சொன்னதும் கோபித்துக்கொண்டார்.

நம்மிடம் சொல் இல்லாமலா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். தீர விசாரித்தல், அவ்வளவுதான். தீர என்பதில் முழுக்க என்ற பொருளும் உண்டு, ஐயம் தீரும்வரை என்ற பொருளும் உண்டு, டியூ என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கல்யாணத்துக்கு முன் பையன் வீட்டைப் பற்றி ஊரில் விசாரிக்கிறோம், நிலம் வாங்குமுன் முன்பிரமாணம், அதாவது பழைய பத்திரம், பார்த்து வில்லங்கம் போடுகிறோம். விசாரணை என்றால் போலீஸ் நாற்றம் அடிக்கிறதே என்பார்கள், அதனால்தான் விசாரிப்பு என்கிறேன். சுகம் விசாரித்ததாகச் சொல்லு என்பதில் போலீஸ் எங்கே வந்தது? விசாரம் வடசொல் என்பது நண்பரின் அடுத்த அம்பு. உண்மைதான். வேண்டுமானால் தேர்ந்து தெளிதல் என்று வைத்துக்கொள்ளட்டும். தேர் என்பதற்கும் ஆராய்தல், பொறுக்குதல் என்று இரண்டு பொருளும் உண்டு, லத்தீன் வேர்போலவே. அழகுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் ஷீட்டுக் கடையில் நின்று அதைச் சொன்னால் தேர்தல் வருகிறதா என்று கேட்பார்கள். எனக்குத் தூய்மையைவிட விளங்குவது முக்கியம்.

இன்னொன்று, இதே நோட்டீஸில் "தொடர்புடைய தேசியச் சட்டங்களுடனான இணக்கம்" என்றும் இருந்தது. இணங்கிப்போக அண்ணன் தம்பி சண்டையா இது? நாட்டுச் சட்டப்படி என்று எழுதினால் போதும். அந்தச் சட்டப்படி என்பதே நம் மாவட்டத்தில் லேசான காரியம் அல்ல. ஐரோப்பியச் சட்டத்தில் ரப்பர்த் தோட்டம் விவசாய நிலம், காடு அல்ல. நம் உச்ச நீதிமன்றமோ 1996இல், காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. அதற்கும் முந்திய 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இங்கே பட்டா நிலங்களின் மேலும் விழுந்து கிடக்கிறது, மரம் முறிக்க மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். மாமா "விளை" என்கிற இடத்தை ஒரு தாள் தோட்டம் என்கிறது, இன்னொரு தாள் காடு என்கிறது. விசாரிக்க வேண்டியது இதைத்தானே!

திரட்ட வேண்டிய தகவலில் ரப்பர் விளைந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதும் உண்டு. அதற்காகப் போன வாரம் அவர் விளையில் இடம் குறிக்கப் போனேன். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லை முழுக்கக் குறிக்க வேண்டும், அவருடையது ஒன்றரை ஏக்கர், ஒரு புள்ளி போதும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் ஆறு தசம இலக்கம், அதாவது ஒரு சாணுக்கும் உள்ளே அடங்கும் நுணுக்கம். ரப்பர் நிழலில் கைப்பேசியின் நீலப்புள்ளி நிலையாக நிற்காமல் அடுத்த வீட்டுக்காரர் வாழைக்கும் மாமா ஷீட்டுக்குப் புகை போடும் புகைப்புரைக்கும் நடுவே அலைந்தது. வெயில் விழுந்த ஒரு இடமாகப் பார்த்து நின்று எடுத்தோம். அங்கேதான் நோட்டீஸை விளக்கினேன், இது உங்கள் விடாமுயற்சி இல்லை மாமா, வாங்குகிறவன் தீர விசாரிக்க வேண்டும் என்பதுதான் என்று.

"விசாரிக்க வேண்டியது அவன். பிரமாணமும் கர ரசீதும் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியது நானாக்கும், அப்படித்தானே?"

ஆமாம் மாமா என்றேன். கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.