எக்ஸ்பெடிஷன் குரூஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பயண விளம்பரங்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற சொல் 'எக்ஸ்பெடிஷன் குரூஸ்'. இதையும் 'சொகுசுக் கப்பல் பயணம்' என்றே எழுதிவிடுகிறோம். நீச்சல் குளம், நாடக அரங்கு எல்லாவற்றோடும் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகிற கப்பலுக்கும் அதே பெயர், நூறு இருநூறு பேரோடு துறைமுகமே இல்லாத அண்டார்டிகக் கரைகளுக்குப் போகிற கப்பலுக்கும் அதே பெயர் என்றால் படிக்கிறவருக்கு என்ன வேறுபாடு தெரியும்?

குரூஸ் டச்சு மொழியிலிருந்து வந்த சொல். சிலுவையைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது, கடலில் குறுக்கும் நெடுக்குமாகத் திரிவது என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது போர்க்கப்பல்களைப் பற்றித்தான் அப்படிப் பேசினார்கள், உல்லாசம் பின்னால் சேர்ந்தது. எக்ஸ்பெடிஷனுக்கு மூலம் லத்தீனின் 'எக்ஸ்பெடிரே'. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பெஸ்' என்றால் கால். காலில் மாட்டிய தளையைக் கழற்றிவிடுவது! அதிலிருந்து ஆயத்தமாவது, படையெடுப்பது, அப்புறம் அறியாத இடங்களைத் தேடிப் போவது என்று பொருள் விரிந்தது.

இதைச் சுற்றுலாவாக மாற்றியதில் பெரும்பங்கு ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்பவருக்கு. 1966இல் பயணிகளை அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். 1969இல் இதற்கென்றே பனிக்கடலைத் தாங்கும்படி 'லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்' என்ற சிறிய கப்பலைக் கட்டுவித்தார். 2007இல் பனியில் மோதி அது மூழ்கியது. அப்போது கப்பலில் இருந்த 154 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

இந்தப் பயணத்தின் உயிரே கரையிறங்குவதுதான். கப்பல் தள்ளி நிற்கும். பயணிகள் முதலில் பூட்ஸைக் கிருமிநாசினியில் நனைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெளியூர் விதையோ மண்ணோ ஒட்டிப் போய்விடக் கூடாது. பிறகு மாலுமியின் முன்கையை இறுகப் பிடித்தபடி காற்றடைத்த ரப்பர் படகில் இறங்கி, கரை நெருங்கியதும் கால்களைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டு முழங்கால் தண்ணீரில் மெல்ல இறங்கி நடக்க வேண்டும். பெங்குவினிடமிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அது குறுக்கே வந்தால் நாம்தான் வழிவிட வேண்டும்.

'சொகுசு' இதில் எங்கே வருகிறது? தெலுங்கில் சொகசு என்றால் அழகு. தமிழில் அது வசதியைக் குறிக்கிறது, நல்ல அறை, நல்ல சாப்பாடு. இருக்கட்டும், அது அடைமொழிதான். 'ஆய்வுப் பயணம்' என்றாலும் பொருந்தாது, அது விஞ்ஞானிகளுக்கு உரியது. சங்கத் தமிழில் பயணத்துக்குச் 'செலவு' என்ற அழகான சொல் உண்டு, ஆனால் இன்று அதைச் சொன்னால் எல்லோரும் பணத்தைத்தான் நினைப்பார்கள். 'தொலைகரைப் பயணம்' என்பது என் தேர்வு. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் இரண்டும் அதில் இருக்கிறது. வசதியையும் சொல்ல வேண்டுமானால் 'சொகுசுத் தொலைகரைப் பயணம்' என்று எழுதலாம்.

ஒன்றை மட்டும் பார்த்து எழுதுங்கள். அண்டார்டிகச் சுற்றுலா நடத்துநர்கள் 1991இல் அமைத்த பன்னாட்டுச் சங்கத்தின் விதிப்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது, 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பலிலிருந்து ஒருவரும் இறங்கவே கூடாது. அப்படிப்பட்ட பெரிய கப்பல் அங்கே போய்ச் சுற்றிப் பார்த்துத் திரும்பினால் அது வெறும் கப்பல் சுற்றுலா, தொலைகரைப் பயணம் அல்ல.