கொதிகலன் தகடு: உருட்டலா, சுருட்டலா, வளைப்பா?

நீராவி ரயில் என்ஜினின் சிற்றுருக்களைச் செய்வது பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் தமிழுக்கு வரும்போதெல்லாம், ‘தாள் உலோகத்தை உருட்டிக் கொதிகலன் செய்தல்’ என்ற தொடரும் தவறாமல் வந்துவிடுகிறது. அண்மையில் ஒரு காணொளியின் தமிழ் வரிகளிலும் ‘செப்புத் தாளை நன்கு உருட்டவும்’ என்றே இருந்தது. மொழிபெயர்த்தவர் ‘ரோலிங்’ என்ற சொல்லைப் பார்த்தாரேயன்றி, அந்தச் சொல் குறிக்கும் வேலையைப் பார்க்கவில்லை. அந்த வரியை நம்பி ஒருவர் கருவியைக் கையில் எடுத்தால் என்ன செய்வார் என்பதை எண்ணிப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். அதிலிருந்து பிறந்த சிறுமைப்பெயர் பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ரோல்’ ஆயிற்று. சக்கரம் உருள்வது அதன் ஒரு பொருள். சுருட்டி வைத்த தோலேடு இன்னொரு பொருள். ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் அடைத்துவைத்த இவ்விரண்டையும் தமிழ் தொன்றுதொட்டே பிரித்து வைத்திருக்கிறது. ‘உருள்பெருந்தேர்’ என்று வள்ளுவர் சொல்லும்போது அங்கே சக்கரம் இருக்கிறது. பாயையும் ஓலையையும் நாம் சுருட்டுகிறோமேயன்றி உருட்டுவதில்லை. ‘கொதிகலன்’ என்ற சொல்லில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொதிக்கும் கலன் என்று அது தன்னைத் தானே விளக்கிக்கொள்கிறது.

இனி வேலைக்கு வருவோம். பிரிட்டனில் 5 அங்குலம், 7¼ அங்குலம் அகலமுள்ள சிறு பாதைகளில் ஓடும் என்ஜின்களுக்குக் கொதிகலனைப் பெரும்பாலும் செம்பில் செய்கிறார்கள். நடுவுடல் நேரான உருளையாக இருந்து, வேண்டிய விட்டத்தில் பொருத்தற்ற செப்புக் குழாயும் கிடைத்துவிட்டால், அதை வெட்டியே பயன்படுத்திக்கொள்ளலாம். குழாய் கிடைக்காதபோதும், அந்நாட்டின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொறியாளர் சர்ச்வார்டு அமைத்த கொதிகலன்களைப் போல முன்பக்கம் சிறுத்துச் செல்லும் உடல் வேண்டும்போதும்தான் தகடு தேவைப்படுகிறது. தகட்டை மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். எஃகைப் போல அது கடினமாவதில்லை, மாறாக மென்மையாகிறது. பிறகு மூன்று உருளைகள் கொண்ட கருவியில் கொடுத்து, ஒவ்வொரு முறையும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இரு ஓரங்களும் சந்திக்கும்வரை வளைப்பார்கள். ஓரங்களில் மட்டும் சிறிது தட்டையாக நின்றுவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே தட்டி வளைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையில் உருள்பவை கருவியின் உருளைகள், தகடு வளைகிறது. தகடு உருட்டப்படும் வேலை வேறொன்று உண்டு: உலோகப் பாளத்தை உருளைகளுக்கிடையே நசுக்கித் தடிமனைக் குறைத்துத் தகடாக நீட்டுவது. உருட்டாலையில் நடப்பது அதுதான். ‘உருட்டல்’ என்ற சொல் அங்கே ஏற்கெனவே வேலையில் அமர்ந்துவிட்டது. அதே சொல்லைக் கொதிகலனுக்கும் கொடுத்தால், தடிமன் குறைகிற வேலைக்கும் தடிமன் மாறாமல் வடிவம் மட்டும் மாறுகிற வேலைக்கும் தமிழில் வேறுபாடே இல்லாமல் போகிறது.

இது வெறும் சொல்நயம் பற்றிய வழக்கன்று. அழுத்தம் தாங்கும் உருளையின் சுவரைச் சுற்றுவாட்டில் இழுக்கும் வளையத் தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மேல் விழும் விசை), அழுத்தத்தையும் விட்டத்தையும் பெருக்கித் தடிமனின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. அழுத்தமும் விட்டமும் மாறாமல் 3 மி.மீ. தகடு 2 மி.மீ. ஆகிவிட்டால் தகைவு ஒன்றரை மடங்காகிறது. நீளவாட்டில் ஓடும் பொருத்தின் மேல், சுற்றிவரும் பொருத்தைப் போல் இருமடங்கு தகைவு விழுகிறது; அந்த நீளப் பொருத்தோ தகட்டை வளைத்துச் செய்வதாலேயே உண்டாவது. தகட்டை வெட்டும் அளவும் இந்தத் தெளிவைப் பொறுத்ததே. 100 மி.மீ. வெளிவிட்டமுள்ள உடலுக்கு 3 மி.மீ. தகட்டில் நடுக்கோட்டின் விட்டமான 97 மி.மீ.யைக் கொண்டு கணக்கிட்டால் சுமார் 304.7 மி.மீ. நீளம் வெட்ட வேண்டும். வளைவில் வெளிப்புறம் நீண்டு உட்புறம் சுருங்க, நடுக்கோடு மட்டும் நீளம் மாறாமல் நிற்கிறது என்று கொள்ளும் கணக்கு இது. ‘உருட்டி நீட்டுவது’ என்று புரிந்துகொண்டவருக்கு இந்தக் கணக்கின் அடிப்படையே விளங்காது.

‘சுருட்டல்’ என்று சொல்லலாமே என்போர் உண்டு. உருட்டலைவிட அது எவ்வளவோ மேல். நம் ‘சுருட்டு’ ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆகிக் கடல் கடந்து போனதும் உண்மையே. ஆனால் சுருட்டினால் அடுக்கின்மேல் அடுக்கு வந்து படிய வேண்டும். கொதிகலன் உடலில் தகடு ஒரே சுற்றுச் சுற்றி, ஓரத்தோடு ஓரம் முட்டி நிற்கிறது. உள்ளேயோ வெளியேயோ ஒரு பட்டை வைத்தோ, ஓரங்களைப் பல்லும் பள்ளமுமாக வெட்டிக் கோத்தோ, வெள்ளி கலந்த பற்றாசை உருக்கி ஊற்றி இணைக்கிறார்கள். இதைச் சுருட்டல் என்றால் மனத்தில் தவறான உருவமே எழும். ‘உருளையாக்கம்’ என்ற ஆக்கத்தையும் பார்த்தேன். முன்பக்கம் சிறுத்த உடல் கூம்பின் ஒரு துண்டு என்பதால் அது அங்கே பொருந்தாது. ‘ஆக்கம்’ என்று முடித்துவிட்டால் கலைச்சொல் பிறந்துவிடும் என்ற பழக்கத்தையும் நாம் விட்டாக வேண்டும்.

என் தேர்வு ‘உருளை வளைப்பு’. இதில் உருளை என்பது கருவி, வளைப்பு என்பது வேலை. கூம்பு உடலானாலும் இது பொய்யாகாது, ஏனெனில் அதையும் உருளைகளே வளைக்கின்றன. வினையாகச் சொல்லும்போது ‘தகட்டை வளைத்து’ என்றாலே போதும். பட்டறையில் ‘ரோலிங்’ என்று சொல்பவரோடு எனக்கு வழக்கில்லை; அவருக்கு வேலை தெரியும். வேலை தெரியாமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவரோடுதான் என் வழக்கு.

அவர்களே ‘தாள் உலோகம்’ என்றும் எழுதுகிறார்கள். செப்புத்தகடு, தகரம், ஏடு என்றெல்லாம் வழங்கும் மொழியில் உலோகத்தைத் தாளாக்க வேண்டிய தேவை என்ன? உலோகத்தின் மெல்லிய பரப்புக்குத் தகடு என்பதே பெயர். ‘ஸ்கேல் மாடல்’ என்பதை ‘அளவுகோல் மாதிரி’ என்பதும் இதே வகைப் பிழை. அளவுகோல் என்பது மேசைமேல் கிடக்கும் கருவி, அதற்கு மாதிரி செய்வார் யாரும் இலர். ‘அளவொத்த சிற்றுரு’ என்று எழுதினால், 7¼ அங்குலப் பாதையின் என்ஜின் மூலத்தின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அளவில் நிற்பது ஒரே வாசிப்பில் விளங்கும்.