லண்டன் போக ஏழு மணி நேரம், நியூயார்க் திரும்ப எட்டு

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அப்படியென்றால் லண்டனிலிருந்து மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி நியூயார்க்கே வந்துகொண்டிருக்குமே, பயணம் சீக்கிரம் முடிய வேண்டாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நடப்பது நேர்மாறு. தூரம் இரு பக்கமும் ஏறத்தாழ 5,540 கி.மீ.தான். ஆனால் கிழக்கே வர சுமார் 7 மணி நேரம், மேற்கே போக சுமார் 8.

ஓடுபாதை, விமானம், காற்று எல்லாமே பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் வாசகரின் கணக்கு பலிக்காது. ஆனாலும் பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு. அது காற்றின் வழியாக, எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

வெப்பமண்டலத்தில் காற்று சூடாகி விரிந்து உயரமாக நிற்கிறது. துருவப் பக்கம் குளிர்ந்து குறுகிக் கிடக்கிறது. பத்து கி.மீ. உயரத்தில் அளந்தால், சூடான பக்கத்தில் அதற்கு மேலும் நிறையக் காற்று மிச்சமிருக்கும், அதனால் அழுத்தமும் கூடுதல். காற்று வடக்கே தள்ளப்படுகிறது. சரி, நேராக வடக்கே போய்ச் சேருமா? நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. லண்டன் அருகே 1,000-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தெற்கின் வேகத்தைச் சுமந்து வரும் காற்று, வடக்கே வர வர தரையை முந்திக் கிழக்கே சாய்கிறது. இதுதான் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் வெப்ப வித்தியாசம் கூடும், காற்றும் வலுக்கும்.

2020 பிப்ரவரியில் புயலோடு வந்த இந்தக் காற்றைப் பிடித்து, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையிலிருந்து பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல். ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது; அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

இக்காற்றை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் தாதேனோ ஆய்வகத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பலூன்களை விட்டுப் பார்த்து, 1926-இல் உலகப் பொதுமொழியாகவே உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை எழுதினார். உலகம் படிக்கட்டும் என்றுதான் அந்த மொழி, உலகம் கண்டுகொள்ளவில்லை. 1944-இல் டோக்கியோ மீது குண்டு போட வந்த அமெரிக்க விமானிகள் இதே காற்றில் சிக்கிக் குறி தவறினார்கள். பலூன் விட்டுக் காற்றை அளக்கப் பணம் கேட்டால் இன்றும் “இதனால் என்ன லாபம்?” என்றுதான் கேட்பார்கள். விமான எரிபொருள் விலை தெரிந்தவர் அப்படிக் கேட்கக் கூடாது.

இப்போது அட்லாண்டிக்கின் வான்பாதைகளே தினமும் காற்றைப் பார்த்துத்தான் வகுக்கப்படுகின்றன. கிழக்கே வரும் விமானங்கள் ஜெட் காற்றோட்டத்துக்குள் புகுந்துகொள்ளும். மேற்கே போகிறவை அதற்குப் பயந்து, சில நாட்களில் கிரீன்லாந்து வரைகூட ஒதுங்கிச் சுற்றிப் போகும்.